பதினாறாயிரம் ரூபாய்க் கணினி

திருவரங்கத்திலிருந்து அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். மகள் திருச்சியில் வணிகவியல் முதலாண்டு பயில்கிறாள். பதினாறாயிரம் ரூபாய் அளவில் குரோம்புக் என்னும் மடிக்கணினி கிடைக்கிறதாம். மனைவியின் வளையலை அடகு வைத்து அதை வாங்கலாமா என்று வினவினார்.

2011-இல் முதன்முதல் விற்பனைக்கு வந்த இவ்வகைக் கணினியில் பெரும்பாலான வேலைகள் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஆகவே உள்ளுறுப்புகள் எளியவை; விலையும் குறைவு. 2023 அக்டோபரில் சென்னைக்கு அருகே எச்.பி. நிறுவனம் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கியபோது அறிவித்த தொடக்க விலை 15,990 ரூபாய். கட்டுரை எழுதவும், காணொளிப் பாடம் கேட்கவும், தமிழில் தட்டச்சு செய்யவும் இது தாராளமாகப் போதும். தமிழிலக்கியம் பயிலும் பெண்ணாயின் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்போம். ஆனால் வணிகவியல் மாணவி பழகவேண்டிய டாலி, விண்டோஸ் கணினிக்கென அமைந்தது. இதில் நேரடியாக நிறுவ இயலாது. கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லையாம்!

நிற்க. பழைய சரக்கைப் பாதி விலைக்குத் தருவோரும் உண்டு. 2021 முதல் வெளிவந்த மாதிரிகளுக்குப் பத்தாண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும். அவ்வாண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அம்மாதிரிக்கு அடிப்படையான வன்பொருள் தளம் முதலில் வெளிவந்த நாளிலிருந்தே எண்ணப்படும். மாதிரியின் பெயரைக் குறித்துக்கொண்டு, கூகுள் நிறுவனத்தின் பட்டியலில் இறுதி நாளைப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

அன்பர் சற்று நேரம் யோசித்தார். கைமாறிய விண்டோஸ் கணினி ஒன்றைப் பார்க்கலாம், அதுவரை மகள் கல்லூரிக் கணினியிலேயே பழகட்டும் என்றார். வளையல் இப்போதைக்கு அம்மையாரின் கையிலேயே இருக்கிறது.