எதன் நூறு?

அக்கா மகள் எட்டாம் வகுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் ஜிஎஸ்டி கணக்குகள். விலை 420, வரி 5 சதவீதம் என்றால் 21 கூட்டி 441 என்று மளமளவென்று போட்டுவிட்டாள்.

"இது ரொம்ப ஈசி மாமா" என்றாள். அவளுடைய சைக்கிளையே கணக்காக்கினேன். "வரியோட சேர்த்து 5,600 ரூபாய்க்கு வாங்கினோம். அப்ப வரி 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22லருந்து சைக்கிளுக்கு 5 சதவீதம்தான். கடைக்காரர் தன் விலையை மாத்தலன்னா, இப்ப எவ்வளவு?"

பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. 5,600க்கு 7 சதவீதம் 392. "5,208 ரூபாய்!"

தப்பு என்று சொல்லவில்லை. "அந்த 12 சதவீதத்தை எந்தத் தொகைக்குப் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கடைக்காரர் விலைக்கு... ஐயோ, 5,600 வரி சேர்ந்ததாச்சே!" என்று பென்சிலை எடுத்தாள்.

வரிக்கு முன் 100 என்றால் வரியோடு 112. 5,600ஐ 112ஆல் வகுத்தால் 50. ஆக, அசல் விலை 5,000. அதற்கு 5 சதவீதம் 250. புது விலை 5,250. குறைவது 350 ரூபாய்தான், 392 அல்ல.

சதவீதக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறுவது பெருக்கலிலோ வகுத்தலிலோ அல்ல. கணக்கில் கண்ணில் படும் பெரிய எண்ணையே நூறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் விற்பனை வரியில் நூறு என்பது எப்போதும் வரிக்கு முந்தைய விலை. பில்லில் அடியில் இருக்கும் தொகை 105 ஆகவோ 118 ஆகவோ இருக்கும். 'எதன் நூறு?' என்ற கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுக்கும் பிள்ளைக்கு எந்தச் சூத்திரமும் மனப்பாடமாக வேண்டியதில்லை. வகுப்பில் பத்துக் கணக்கு போடவைப்பதைவிட, இந்த ஒரு கேள்வியைப் பத்து முறை கேட்கவைப்பது மேல்.

இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமும் அல்ல. மறுநாள் அவளோடு ஒரு கடைக்குப் போனேன். 5 சதவீத வரி உள்ள பொருள் ஒன்று. பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை 210 ரூபாய், 'அனைத்து வரிகளும் உட்பட' என்று அச்சிட்டிருந்தது. பில்லிலோ 10.50 வரி சேர்த்து 220.50. அவள்தான் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். "அண்ணா, இந்த 210லயே வரி இருக்கே. 200 விலை, 10 வரி. திரும்பவும் வரி போட்டிருக்கீங்களே?" அச்சிட்ட விலைக்கு மேல் வரி என்று ஒரு காசுகூட வாங்கக்கூடாது என்பது சட்டம். கடைக்காரர் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு பில்லை மாற்றித் தந்தார்.

திரும்பும் வழியில் அவள் வாய்க்குள் ஏதோ கணக்கு போட்டுக்கொண்டே வந்தாள். தெருமுனையில் நின்றாள். "மாமா, 5 சதவீத வரின்னா மொத்தத் தொகையை 21ஆல வகுத்தாப் போதும், உள்ள இருக்கிற வரி வந்துடும். 105ல 5 இருக்குல்ல, அதான்!"

அதை நான் சொல்லித்தரவில்லை. அவள் புத்தகத்திலும் படிக்கவில்லை.