உழைத்தவர் பலர், உரிமையாளர் யார்?

செக் குடியரசின் பிராக் நகரை மையமாகக் கொண்ட போஹீமியா இன்டராக்டிவ் என்னும் நிறுவனம், 2006 முதல் ‘ஆர்மா’ என்ற பெயரில் கணினிப் போர் விளையாட்டுகளை வெளியிட்டு வருகிறது. பரந்த நிலப்பரப்பும் ஊர்திகளும் படைக்கலங்களும் இவற்றில் தரப்படும். அவற்றைக் கொண்டு எத்தகைய களத்தை அமைப்பது என்பதை ஆடுபவரே தீர்மானிக்கலாம். விளையாட்டையே திருத்தவும் விரிக்கவும் உதவும் கருவிகளையும் நிறுவனம் இலவசமாக வழங்குகிறது. அக்கருவிகளால் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் உருவாக்கும் மாற்றத் தொகுப்புகளே ‘மோட்’ எனப்படுகின்றன. 2013-இல் வெளிவந்த ஆர்மா 3-க்கு மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட மோட்கள் இருப்பதாக நிறுவனமே கூறியுள்ளது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஊதியமின்றி உருவானவை.

போர் விளையாட்டைப் பற்றி இயக்கம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆர்மாவின் மூலத்திலிருந்து கிளைத்த ‘விபிஎஸ்’ என்னும் பயிற்சி மென்பொருளை அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகள் பயன்படுத்தி வந்துள்ளன. அதைத் தயாரிக்கும் நிறுவனத்தை 2022-இல் பிஏஇ சிஸ்டம்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆயுத நிறுவனம் 20 கோடி டாலருக்கு வாங்கியது. விளையாட்டுத் துறையும் ஆயுத வணிகமும் அண்டை வீடுகளாக இருப்பதை மறந்துவிடலாகாது. ஆனால் உழைப்பு எங்கே நிகழ்கிறது, அதன் பயன் எவரிடம் போய்ச் சேருகிறது என்ற கேள்வி ஆலை வாயிலோடு முடிந்துவிடுவதில்லை. மோட்களின் வரலாறு அக்கேள்வியை மிகத் தெளிவாக முன்வைக்கிறது.

2012-இல், நியூசிலாந்து ராணுவத்தில் பணியாற்றிய டீன் ஹால், ஆர்மா 2-க்கு ‘டேஇசட்’ என்ற மோடை உருவாக்கினார். கொள்ளைநோயால் பாழடைந்த நிலத்தில் உணவும் நீரும் தேடி உயிர்பிழைப்பதே அதன் ஆட்டம். சில மாதங்களில் அதை ஆடியவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினர். அதை ஆட ஆர்மா 2-ஐ வாங்கியாக வேண்டும். ஆகவே வெளியாகி மூன்றாண்டுகள் கடந்துவிட்ட அவ்விளையாட்டு, ஸ்டீம் இணையக் கடையின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. நிறுவனம் ஹாலின் தலைமையில் டேஇசட்டைத் தனி விளையாட்டாக்கி 2013 டிசம்பரில் விற்பனைக்கு விட்டது. ஒரே மாதத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றன.

கதை அங்கே முடியவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன், 2013-இல் டேஇசட் மோடின் மீதே இன்னொரு மோடைக் கட்டினார். ஒரு ஜப்பானியத் திரைப்படத்தின் தூண்டுதலால் பிறந்த அதில், சுருங்கிக்கொண்டே வரும் களத்தில் கடைசியாக எஞ்சுபவரே வெற்றியாளர். பின்னர் தென் கொரிய நிறுவனமொன்று அவரை அழைத்துக்கொண்டது. 2017-இல் ‘பப்ஜி’ வெளிவந்தது. ஓராண்டுக்குள் அதன் விற்பனை 2 கோடிப் பிரதிகளைக் கடந்தது. அதன் கைபேசி வடிவத்தை இந்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்ததும், 2021 ஜூலையில் அது வேறு பெயரில் திரும்பி வந்ததும் தோழர்கள் அறிந்ததே. இன்று நமது சிற்றூர்களின் இளைஞர்கள் கைபேசியில் ஆடும் ஆட்டத்தின் வேர், ஒரு செக் விளையாட்டின் மீது ஆர்வலர்கள் கட்டிய மோடில் இருக்கிறது.

ஹாலும் கிரீனும் பயனடைந்தனர் என்பது உண்மையே. ஆனால் அவர்களது மோட்கள் தனி மனிதரின் ஆக்கமாக மட்டும் வளரவில்லை. பிழைகளைக் கண்டு திருத்தியவர்களும், சேவையகங்களைத் தம் செலவில் நடத்தியவர்களும், இரவெல்லாம் சோதித்துப் பார்த்தவர்களும் எண்ணற்றோர். அவர்களுக்குப் பங்கேதும் இல்லை. உற்பத்தி சமூகமயமாகவும் உடைமை தனியார்மயமாகவும் இருக்கும் முரண்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் துறை அரிது.

விரும்பிச் செய்வதைச் சுரண்டல் என்று சொல்லலாமா என்ற மறுப்பு எழும். மகிழ்ச்சியோடு செய்யப்படுவதால் உழைப்பு உழைப்பாக இல்லாமல் போய்விடாது. அதிலிருந்து பிறருக்கு இலாபம் பிறக்கும்போது கணக்குக் கேட்கும் உரிமையும் அற்றுப்போகாது. அதேபோல், மோட்களை விலைக்கு விற்றால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் பிழை. 2015 ஏப்ரலில் ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் மோட்களை விற்க வால்வ், பெதஸ்டா நிறுவனங்கள் ஏற்பாடு செய்தன. விற்பனையில் ஆக்கியவருக்கு 25 விழுக்காடு மட்டுமே. மீதி முழுவதும் அந்த இரு நிறுவனங்களுக்கு. கடும் எதிர்ப்பால் ஒரு வாரத்துக்குள் திட்டம் கைவிடப்பட்டது. ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதி வளர்ந்த பொதுவெளியில், யாருடைய பொருளை யார் விற்பது என்ற பூசலே அந்நாட்களில் மூண்டது.

மாற்று வழி இத்துறைக்குள்ளேயே இருக்கிறது. காயத்துக்கான மருத்துவம், தோட்டாவின் பாதை போன்றவற்றை நுட்பமாகச் சித்திரிக்கும் ‘ஏஸ் 3’ என்ற ஆர்மா மோட், முன்பு தனித்தனியாக இயங்கிய மூன்று குழுக்கள் 2015-இல் ஒன்றிணைந்து உருவாக்கியது. அதன் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் திறந்து வைக்கப்பட்டுள்ளது. எவரும் அதை எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தி வெளியிடுபவர் அதே உரிமையைப் பிறருக்கும் அளித்தாக வேண்டும். சிறு கெரில்லாக் குழுவாகத் தொடங்கி, மக்களின் ஆதரவைப் பெற்று ஊர்களை ஒவ்வொன்றாக மீட்கும் ‘ஆன்டிஸ்டாசி’ என்ற மோடும், தொடங்கியவர் விலகிய பின் ஒரு கூட்டுக் குழுவின் கையில் திறந்த மூலநிரலாகத் தொடர்கிறது.

முதலாளிகளும் பாடம் கற்கிறார்கள். பிளிசார்ட் நிறுவனத்தின் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டில் ஆர்வலர்கள் உருவாக்கிய ‘டோட்டா’, போட்டி நிறுவனமான வால்வின் பெருஞ்செல்வமாயிற்று. ஆகவே 2020-இல் அவ்விளையாட்டின் புதுப்பதிப்பை வெளியிட்டபோது, ஆடுவோர் உருவாக்கும் ஆட்டங்கள் அனைத்தும் தனக்கே உடைமை என்று பிளிசார்ட் விதி எழுதிக்கொண்டது. உழைப்பு நிகழுமுன்பே அதன் பலனுக்குப் பட்டா போடும் ஏற்பாடு இது.

இந்தியாவில் அசைவூட்டம், காட்சி விளைவு, விளையாட்டு ஆகிய துறைகளை வளர்ப்பதற்கென ஒன்றிய அரசு 2022-இல் பணிக்குழு அமைத்தது. வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவோர், ஆக்கத்தின் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். இத்துறையில் நுழைய விரும்பும் இளைஞர், தாம் ஊதியமின்றிச் செய்த படைப்புகளையே தகுதிச் சான்றாகக் காட்ட வேண்டிய நிலை உள்ளது. ஆக்கியவரின் பெயர் மறைக்கப்படாமை, ஒருதலைப்பட்சமாக மாற்ற முடியாத உரிமம், பொதுநிதியில் உருவாகும் மென்பொருளுக்குத் திறந்த மூலநிரல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகிய கோரிக்கைகளைத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்கள் தம் பட்டியலில் சேர்க்க வேண்டும். கைபேசியில் ஆழ்ந்திருக்கும் இளைஞரை வீணர் என்று ஒதுக்கினால் இக்கோரிக்கைகள் அவரைச் சென்றடையா. அந்த ஆட்டத்தை உருவாக்கிய கைகள் எவை என்ற கேள்வியிலிருந்து அவரோடு உரையாடலைத் தொடங்குவதே இயக்கத்தின் பணியாகும்.