நூம்பல் பெண்ணும் 'ஆள் கணக்கு'க் கேள்வியும்

கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் உத்தியோகப் பேட்டிக்குப் போவதைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஆலைத் தொழிலாளி, விவசாயத் தொழிலாளி வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். படித்துவிட்டு, கையில் ஒரு பைலை வைத்துக்கொண்டு, ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கும் பிள்ளை ஒன்றாவது அநேக வீடுகளில் இருக்கிறது. அந்தப் பேட்டியில் என்ன கேட்கிறார்கள் என்பது நம் பிரச்னை இல்லையென்றால் வேறு யாருடைய பிரச்னை?

சென்ற வாரம் நூம்பலில் ஒரு தோழர் வீட்டுக்குப் போயிருந்தேன். வயல் வேலை செய்து வளர்ந்தவர் அவர். நிலமெல்லாம் மனைக்கட்டாகிவிட்ட பிறகு, அதே மண்ணின் மீது மற்றவர்கள் வீடு கட்டச் சித்தாள் வேலை செய்கிறார். அவருடைய மூத்த பெண் பி.காம். படித்தவள். ஒரு கணக்கு ஆபீசில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் பில் ஏற்றும் வேலை பார்த்தாள். இப்போது அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் பேட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. வேலையின் பெயர் 'ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்'. சுருக்கமாக ஆர்.பி.ஏ. என்கிறார்கள்.

"ரோபோ என்றால் இரும்பு மனிதனா, அம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள். "இரும்பும் இல்லை, மனிதனும் இல்லை, மாமா. அது ஒரு புரோகிராம். குமாஸ்தா கம்ப்யூட்டரில் என்னென்ன செய்கிறாரோ, அதையெல்லாம் அப்படியே செய்யும்" என்றாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். எனக்கு விளங்கும்படி அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு ஆபீசுக்கு ஈ-மெயிலில் பில் வருகிறது. குமாஸ்தா அதைத் திறந்து, எண்ணைப் பார்த்து, தொகையைப் பார்த்து, கம்பெனிக் கணக்கில் ஏற்றி, 'சரி' என்ற பட்டனை அழுத்துகிறார். நாள் பூராவும் இதுதான் வேலை. இந்த ஒவ்வொரு படியையும் புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அதுவே பில்லைத் திறக்கும், எண்ணை எடுக்கும், ஏற்றும், பட்டனை அழுத்தும். செக்கு மாடு மாதிரி போட்ட தடத்திலேயே சுற்றும். தடம் மாறினால் நின்றுவிடும். ஆனால் செக்கு மாட்டுக்காவது ராத்திரி ஓய்வு உண்டு. இதற்கு அதுவும் கிடையாது.

இந்தப் புரோகிராமை விற்கும் கம்பெனிகளில் பெரியவை யூஐபாத், ஆட்டோமேஷன் எனிவேர், ப்ளூ பிரிசம். யூஐபாத் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2005-ல் ஆரம்பித்து, 2021 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. 'ரோபோ' என்ற சொல்லின் பிறப்பும் அந்தப் பக்கத்து நாடு ஒன்றில்தான். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தின் மூலம் அது உலகுக்கு வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால், பண்ணையடிமைகள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் செய்த வேலை. நம் ஊர் வெட்டி வேலைதான்! ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் அதை 1848-ம் வருஷப் புரட்சி ஒழித்தது. பெயர் மட்டும் பிழைத்திருந்து, இன்று கம்பெனி விளம்பரங்களில் பல்லைக் காட்டுகிறது.

பேட்டிக்கு வருவோம். அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள். ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் ரோபோவுக்கும், ஆளே இல்லாமல் தானாக ஓடும் ரோபோவுக்கும் என்ன வித்தியாசம்? திரையில் பட்டன் எங்கே இருக்கிறதென்று ரோபோ எப்படிக் கண்டுபிடிக்கும்? கம்பெனி தன் சாப்ட்வேரை மாற்றினால் ரோபோ ஏன் தடுமாறும்? பாஸ்வேர்டை எங்கே பத்திரப்படுத்துவது? இவற்றுக்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னாள்.

ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ரோபோ ஒரு பில்லில் தடுக்கி நின்றால் என்ன செய்ய வேண்டும்? கணக்கு சாப்ட்வேர் திறக்கவில்லையென்றால் அது யந்திரக் கோளாறு. மறுபடி முயன்று பார்க்கலாம். பில்லில் ஆர்டர் எண்ணே இல்லையென்றால் நூறு தடவை முயன்றாலும் பிரயோஜனமில்லை. அதை ஒதுக்கி வைத்து ஒரு மனிதர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். இந்த வித்தியாசத்தை அவள் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. இரண்டு வருஷம் பில் ஏற்றிய அனுபவம் கற்றுக்கொடுத்தது. "பேட்டியில் இதைத் தயங்காமல் சொல். உன்னோடு போட்டி போடும் இஞ்சினீயர் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்கும், பில் தெரிந்திருக்காது" என்றேன்.

இன்னொரு விஷயமும் பெற்றோர்கள் காதில் விழ வேண்டும். இந்தப் படிப்புக்கென்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டத் தேவையில்லை. யூஐபாத் கம்பெனியே இண்டர்நெட்டில் இலவசமாகப் பாடம் நடத்துகிறது. பழகிப் பார்க்கப் புரோகிராமையும் இலவசமாகத் தருகிறது. இந்தப் பெண்ணிடம் ஒரு ஏஜெண்ட், மூன்று வருஷ அனுபவச் சர்டிபிகேட் 'ஏற்பாடு' செய்து தருவதாகப் பணம் கேட்டிருக்கிறான். நல்லவேளை, கொடுக்கவில்லை. இன்று கம்பெனிகள் பி.எப். கணக்கைப் பார்க்கின்றன, பொய் அனுபவம் அங்கேயே வெளிச்சமாகிவிடும். காசும் போய், வேலையும் போய், பெயரும் கெடும்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவள் குரல் இறங்கிற்று. அந்தக் கேள்வி இதுதான்: 'நீ செய்த ரோபோவால் எத்தனை எப்.டி.இ. மிச்சம்?'

எப்.டி.இ. என்றால் முழு நேர ஆள் கணக்கு. அவளே காகிதத்தில் போட்டுக் காட்டினாள். ஒரு பில்லுக்கு 5 நிமிஷம். நாளைக்கு 480 பில் என்றால் 2,400 நிமிஷம், அதாவது 40 மணி. எட்டு மணி வேலை நாளால் வகுத்தால் 5 ஆள். 'ஐந்து ஆளை மிச்சம் பிடித்தேன்' என்று பெருமையாகச் சொல்ல வேண்டுமாம். "அந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தியாகத்தானே இருந்தேன், மாமா" என்றாள்.

தோழர்களே, ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்குப் புதிதா? இரண்டு தறி பார்த்தவன் தலையில் நாலு தறியைக் கட்டி, மீதிப் பேரை வெளியே தள்ளியதற்கு அன்று 'ரேஷனலைசேஷன்' என்று பெயர் வைத்தார்கள். அதை எதிர்த்து 1955-ல் கான்பூர் ஜவுளித் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அறுவடை யந்திரம் வயலில் இறங்கிய அன்று வரப்பில் நின்று பார்த்த விவசாயத் தொழிலாளிக்கும் இந்தக் கணக்குத் தெரியும். இப்போது அது மேஜை நாற்காலிக்கு வந்திருக்கிறது. இதில் ஒரு கூடுதல் கொடுமையும் உண்டு: ரோபோ தயாரிப்பதற்கு முன்னால், அந்த வேலையைச் செய்யும் குமாஸ்தாவையே உட்கார வைத்து, ஒவ்வொரு படியையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் யந்திரமே கூடாது என்கிறோமா? இல்லை. 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் 'இலாகோ ஹவுஸ்' கட்டிடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையாமல் காவல் நின்றார்கள். அதை இன்று ஏளனம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரை நிரந்தரமாக வாசலிலேயே நிறுத்திவிட முடியும் என்று நம்மில் சிலர் நினைத்தது சரியல்ல என்பதே என் அபிப்பிராயம். ஆனால் 'எங்கள் வேலைக்கு என்ன பதில்?' என்ற அவர்கள் கேள்வி நூற்றுக்கு நூறு சரி. 1983-ல் பாங்க் ஊழியர் சங்கங்கள் நிர்வாகங்களோடு ஒப்பந்தம் போட்டபோது, என்ன யந்திரம், எத்தனை என்று எல்லை கட்டித்தான் உள்ளே விட்டார்கள். யந்திரத்தில் வேலை செய்கிறவருக்குத் தனி அலவன்சும் வாங்கினார்கள். சங்கம் இருந்ததால் அது நடந்தது.

சங்கம் பலமில்லாத இடத்தில் என்ன நடக்கிறது? 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 12,000-க்கும் அதிகமான பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமல்ல என்று நிர்வாகம் விளக்கமும் சொன்னது. காரணம் எதுவானால் என்ன, வீட்டுக்குப் போனவன் வீட்டுக்குத்தான் போனான்.

ஆட்குறைப்புக்கு இடம் தரும்படி வேலை முறையை மாற்றுவதானால், தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்று 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆட்குறைப்புக்கு முன்பு 100 பேர் உள்ள ஆலைக்கே சர்க்கார் அனுமதி தேவைப்பட்டது. இப்போது 300 பேர் இருந்தால்தான் தேவை. முதலாளிகளுக்கு எவ்வளவு பெரிய சலுகை! ஆனாலும் 21 நாள் நோட்டீஸ் விதி புதிய சட்டத்தின் 40-வது பிரிவில் இருக்கிறது. ஐ.டி. கம்பெனி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ரோபோவை ஓட்டும் முன்பு இந்த நோட்டீஸ் எங்கே என்று எத்தனை ஆபீசில் கேட்டிருக்கிறார்கள்? மிச்சமான மணியில் ஒரு பங்கை ஊழியருக்கு ஓய்வாகக் கொடு, அந்த ஐந்து பேருக்கும் வேறு வேலை பழக்கிக் கொடு என்று யார் கேட்டிருக்கிறார்கள்?

"அந்தக் கேள்விக்கு நான் என்னதான் சொல்லட்டும், மாமா?" என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

"கணக்கை உள்ளபடி சொல். இத்தனை மணி மிச்சம் என்று சொல். இத்தனை ஆள் என்று நீயாக மாற்றிச் சொல்லாதே. மணியை ஆளாக்குவதும் ஓய்வாக்குவதும் கம்பெனி செய்கிற முடிவு, ரோபோ செய்வதல்ல" என்றேன்.

"அந்த ஐந்து பேரை என்ன செய்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கலாமா?"

இதற்குள் அவள் அப்பா குறுக்கே வந்துவிட்டார். "அதையெல்லாம் அங்கே கேட்காதே! முதலில் வேலை கிடைக்கட்டும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஒண்டியாக நாற்காலி முனையில் உட்கார்ந்திருக்கும் பெண் கேட்கக்கூடிய கேள்வியல்ல அது. வேலையில் சேர்ந்த பிறகு, பக்கத்து நாற்காலிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்கலாம். நம் ஐ.டி. ஊழியர் சங்கத் தோழருடைய டெலிபோன் நம்பரை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்தக் கேள்விக்குக் கீழே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பேட்டி வருகிற வியாழக்கிழமை.