கிண்ணம் நிறைய தினை; குஞ்சு ஏன் வாடுகிறது?



காக்களூரில் உங்கள் வீட்டுக் கூண்டில் பின்ச் குருவி குஞ்சு பொரித்திருக்கிறதா? தினை மட்டும் போட்டால் போதாது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வரிப் பின்ச்சின் குஞ்சு, மூன்றே வாரத்தில் இறகு முளைத்துக் கூட்டைவிட்டு வெளியே வந்துவிடும். இறகு முழுக்கப் புரதம்தான். தினையில் அது குறைவு.

முட்டையை நன்றாக வேகவைத்து, மசித்து, ஒரு ஜோடிக்கு ஒரு டீஸ்பூன் வையுங்கள். முட்டை வாங்காத வீடா? முளைகட்டிய பச்சைப்பயறைப் பொடியாக நறுக்கி வைக்கலாம்.

நம் ஊரில்தான் ஆவின் பால் பண்ணை இருக்கிறதே, பால் வைக்கலாமா? கூடாது. பாலில் உள்ள சர்க்கரை பறவைகளுக்குச் செரிக்காது.

வயலில் திரியும் சில்லைக் குருவியைப் பிடித்து வந்து அடைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்!

முட்டை மிச்சமிருந்தால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நம் வெயிலுக்குச் சீக்கிரம் கெட்டுவிடும், எறும்பும் வரும்.