உடல்நலப் பக்கம்: அறுபதுக்குப் பின் அகழ்வு வேலை

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய அன்பர்கள் வைத்தியரிடம் சொல்லும் முதல் முறைப்பாடு பெரும்பாலும் முழங்கால் வலிதான். சற்றுப் பேசவிட்டால் இரண்டாவதும் வெளிவரும்: "இனி என்னால் யாருக்கு என்ன பிரயோசனம்?" முதலாவதற்கு மருந்து உண்டு. இரண்டாவதற்கு வேலைதான் மருந்து.

இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் மதிலுக்கு அருகில், விண்டொலாண்டா என்னும் உரோமர் காலக் கோட்டை இருக்கிறது. 1970இல் தொடங்கப்பட்ட ஓர் அறநிதியம் அதை ஆராய்ந்து வருகிறது. அங்கே ஆண்டுதோறும் தொண்டர்கள் கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, தொல்லியலாளரின் மேற்பார்வையில் மண் அகழ்கிறார்கள். இளைப்பாறியவர்களும் அவர்களுள் உண்டு. முன் அனுபவம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

1973இல் அங்கே ஈர மண்ணில் மரச்சீவல் போன்ற துண்டுகள் அகப்பட்டன. ஒட்டிக்கிடந்த இரண்டு மெல்லிய துண்டுகளைப் பிரித்தபோது உள்ளே மையால் எழுதிய எழுத்துகள்! அவசரக்காரர் கையில் அவை குப்பைக்குத்தான் போயிருக்கும். அதன்பின் நூற்றுக்கணக்கான ஏடுகள் கிடைத்துள்ளன. காற்றுப் புகாத ஈர மண் அவற்றை ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் காத்து வைத்திருந்தது.

அவற்றுள் ஒன்று ஒரு படைப்பிரிவின் ஆள்கணக்கு. மொத்தம் 752 பேர். அன்று கோட்டையில் இருந்தவர்கள் 296 பேர். அவர்களில் 31 பேர் வேலைக்கு இயலாதவர்கள்: நோயாளிகள் 15, காயப்பட்டோர் 6, கண்நோய்க்காரர் 10. ஆஸ்பத்திரி வார்டில் இன்று எழுதும் கணக்குப் போலவே இருக்கிறது. இன்னொன்று, குளோடியா செவெரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைத்து எழுதிய கடிதம். அதன் கடைசி வரிகள் அவள் கைப்பட எழுதியவை.

இத்தகைய வேலைக்குப் போக விரும்பும் அன்பர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தினமும் நடந்து பழகுவது நல்லது. நடக்கும்போது நெஞ்சுவலியோ மூச்சுமுட்டலோ இருந்தால் முதலில் வைத்தியரைக் காண வேண்டும். டெட்டனஸ் எனப்படும் ஏற்புவலிக்குத் தடுப்பூசி போட்டது எப்போது என்று கேட்டறிய வேண்டும். நீரிழிவுக்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இன்சுலின் போடுபவர் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். புதுச் சப்பாத்தை வீட்டிலேயே போட்டுப் பழக்கி, மாலையில் பாதங்களில் கொப்புளம் உண்டா என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் தெரியாது. முழங்காலுக்குக் கீழே மெத்தை வைத்து, அடிக்கடி எழுந்து நிற்க வேண்டும். மண் நிறைந்த தள்ளுவண்டியை இளைஞரிடம் விட்டுவிடுவதில் வெட்கம் இல்லை.

குனிய முடியாதவர் மனம் தளர வேண்டாம். பல அகழ்விடங்களில் கிடைத்த ஓடுகளை மேசையில் உட்கார்ந்து கழுவுவதற்கும் ஆட்கள் தேவை.

கிடைப்பது எதுவும் தொண்டருக்குச் சொந்தமல்ல. சில நாட்களில் ஒன்றுமே கிடைக்காது. ஆனாலும் மெதுவாக வேலை செய்யும் கைகளுக்கு அங்கே மதிப்பு உண்டு. முதுமையில் வரும் மெதுவை ஒரு குறையாக எண்ணி வீட்டுக்குள் அடைந்திருக்கும் அன்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.