படத்தின் ஓரத்தில் நிற்கும் அம்மா



படிவம் நிரப்பும் வேலை வந்துவிட்டால் மன்னார் நகரிலுள்ள ஒரு சிறிய ஸ்ரூடியோவுக்குத்தான் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். அடையாள அட்டைக்கு, கடவுச்சீட்டுக்கு, வாழ்வாதார உதவிக்கு என்று எதற்காவது ஒரு படம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் காத்திருக்கும் நேரங்களில் அந்தப் படப்பிடிப்பாளர் அண்ணன் கணனியில் கலியாணப் படங்களைத் திருத்திக்கொண்டிருப்பார். இம்மாதம் அவருடைய வேலையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "விளம்பரம் எண்டு சொல்லுவாங்க தங்கச்சி" என்றார்.

ஒருநாள் அவர் ஒரு படத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணமக்கள், தோழன், தோழி, மாமா, மாமி, சித்தப்பா எல்லோரும் நிற்கிறார்கள். வலது ஓரத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலையின் பாதியும் ஒரு தோளும் முகத்தில் ஒரு கண்ணும் மட்டும் தெரிகிறது.

"இவதான் மாப்பிள்ளையின்ட தாய். ஆயிரத்துக்கு மேல படம் எடுத்திருக்கிறன். ஒண்டில கூட நடுவில இல்லை. கூப்பிடக் கூப்பிடப் பின்னுக்குப் போறா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. உங்களில் பலருக்கும் விளக்கம் தேவைப்படாது. கணவனை இழந்தவள் முன்னுக்கு நிற்கக்கூடாது, ஆராத்தி எடுக்கக்கூடாது, தாலித் தட்டைத் தொடக்கூடாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, சடங்கு யாரைச் சேர்க்கிறது, யாரை விலக்குகிறது என்ற கேள்விக்கு நான் நாலு பக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தபோது அந்த நாலு பக்கமும் எனக்கு உதவவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில் இதெல்லாம் இல்லை என்று எங்களவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. கோயிலுக்குள்ளே இல்லைதான். கோயில் வாசலில் படம் எடுக்கும்போது வந்துவிடுகிறது.

அண்ணன் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. அவரிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. கலியாணத்துக்கு முதல் வாரம் வீட்டாரிடம், யார் யாருடன் குடும்பப் படம் வேண்டும் என்று பெயர் எழுதி வாங்குகிறார். அதில் தாய் விதவை என்று தெரிந்தால், பெண்ணுக்குச் சேலை உடுத்தி முடிந்தவுடன், சொந்தக்காரர் கூடுவதற்கு முன்னமே, யன்னல் வெளிச்சத்தில் தாயையும் மகளையும் நிறுத்திவிடுகிறார். பெரியம்மா யாராவது வந்து முகத்தைச் சுளித்தால், "வெளிச்சம் போயிடும் அம்மா, கொஞ்சம் விலகுங்க" என்பார். வெளிச்சத்தோடு யாரும் வாதாடுவதில்லை. படம் எடுப்பவர் சொன்னால் ஊர்ப் பெரிய மனிதரும் நகர்ந்து நிற்பார் என்பதை நான் அங்கேதான் கவனித்தேன். நாங்கள் ஆறு கூட்டம் வைத்துச் செய்ய முடியாததை அவர் அரை நிமிடத்தில் செய்துவிடுகிறார்.

எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை. பெருநிலப்பரப்பில் ஒரு கலியாணத்தில், தாய் கோபப்பட்டுச் சமையல் கொட்டிலுக்குப் போய்விட்டாராம். இவர் பின்னாலேயே போய், அடுப்படியில் நின்ற நிலையில் ஒரு படம் எடுத்துவிட்டார். மணப்பெண் அழுதுகொண்டு அதை அழிக்கச் சொன்னாள். அழித்துவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து, தாய் இறந்த பிறகு, அந்தப் பிள்ளை தொலைபேசியில் கேட்டாளாம்: "அண்ணா, அந்தப் படம் எங்கயாவது இருக்குமா?" இல்லை. இப்போது அவர் யார் சொன்னாலும் உடனே அழிப்பதில்லை. ஒரு வருடம் தனியாக வைத்திருந்து, பிறகு மறுபடி கேட்டுவிட்டே அழிக்கிறாராம். இது சரிதானா என்று எனக்கு ஐயம் உண்டு. கேட்டவுடன் அழிப்பதுதான் மரியாதை என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் வேலை பழகியது தொண்ணூறுகளில். அப்போது 36 படங்கள் கொண்ட சுருள். ஒரு கலியாணத்துக்கு இரண்டு சுருள் என்றால் வசதியான வீடு. தீவு இராணுவத்திடம் இருந்தது. அடம்பன், விடத்தல்தீவு பக்கம் போவதென்றால் உயிலங்குளம் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். அங்காலே பொருளாதாரத் தடை. 2002 போர் நிறுத்தம் வரும்வரை பெற்றோல், சீமெந்து போல பற்றரிக்கும் தடை இருந்தது. பற்றரி இல்லாவிட்டால் பிளாஷ் இல்லை. ஆகவே மணமக்களை முற்றத்து வெயிலில் நிறுத்தித்தான் எடுத்தார்கள். அந்தக் காலத்து வன்னிக் கலியாணப் படங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். உங்களிடம் அப்படியொரு படம் மிஞ்சியிருந்தால் எடுத்துப் பாருங்கள்.

மிஞ்சியிருந்தால் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கையில் எடுத்த மூட்டைகளோடு படகில் கற்பிட்டிக்குப் போனார்கள். பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இராமேஸ்வரத்துக்குப் படகேறியவர்கள் நகையைப் பொலித்தீனில் சுற்றினார்கள். அல்பத்தைச் சுற்ற நேரமிருக்கவில்லை. 2008 இல் மாந்தை மேற்கிலிருந்து வன்னிக்குள் இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அல்பம் பாரமான பொருள். முதலில் விடப்படுவது அதுதான்.

அந்த 2008, 2009 காலத்தில் படமே இல்லாத கலியாணங்கள் எத்தனையோ நடந்தன. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், பதினாறு பதினேழு வயதிலேயே யாராவது ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். மஞ்சள் கயிறு, இரண்டு சாட்சி, அவ்வளவுதான். தாய் தகப்பனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போது நான் தீவில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். என் வயதுப் பிள்ளைகள் அங்கே தாயாகிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிக் கட்டியவர்களில் ஒரு சோடி சென்ற வருடம் இந்த ஸ்ரூடியோவுக்கு வந்தது. மூத்த மகளுக்கு 15 வயது. அவள்தான் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். கூறைச்சேலை வாடகைக்கு எடுத்து, தாய்க்குப் பூ வைத்து, பழைய கோட் ஒன்றைத் தகப்பனுக்கு மாட்டிவிட்டிருந்தாள். தலைமன்னார்க் கடற்கரையில் எடுத்தார்கள். சோளகக் காற்று. சேலை பறக்கிறது, மணல் கமராவுக்குள் போகிறது, போதாததற்கு இரண்டு கழுதைகள் பின்னால் வந்து நின்றுவிட்டன. மன்னாரில் கழுதை இல்லாமல் ஒரு படம் எடுப்பது கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். "தோளில கை போடுங்க" என்று அண்ணன் சொல்ல, அந்த மனிதர் பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவர், வெட்கத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாராம். கடைசியில் மகள்தான் கையைப் பிடித்துத் தாயின் தோளில் வைத்திருக்கிறாள்.

இங்கே ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். படம் வேறு, பதிவு வேறு. அவசரக் கலியாணங்களில் பல இன்னமும் பதியப்படாமல் இருக்கின்றன. கணவன் உயிரோடு உங்களுடன் இருந்தால், பிரதேச செயலகத்துக்குப் போய் விவாகப் பதிவாளரைக் கேளுங்கள். இப்போதும் பதியலாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கொடுப்பனவு என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டிவரும். கணவன் இல்லாதவர்களுக்கு நிலைமை கடினம். அவர்கள் படமோ, கோயில் பதிவேடோ, பிள்ளையின் சான்றிதழோ எது கையிலிருந்தாலும் எறியாமல் வைத்திருங்கள். காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 இல் சட்டம் வந்திருக்கிறது. அது மரணச் சான்றிதழ் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இன்னொரு மாதம் விரிவாக எழுதுகிறேன்.

படத்தை வெட்டுவதும் அண்ணனுடைய வேலையில் ஒரு பகுதி. கலியாணப் படத்தைக் கொண்டுவந்து, "இவரை மட்டும் தனியா எடுத்துத் தாங்க" என்று கேட்கிறார்கள். 2017 முதல் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வீதியோரம் இருந்து போராடியபோது கையில் பிடித்திருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் கழுத்தில் மாலையின் துண்டு இருக்கும். தோளோரம் சிவப்பாக ஏதோ தெரியும். அது மனைவியின் கூறைச்சேலை. பெரிதாக்கும்போது மாலையை அழித்துச் சட்டைக் கொலர் வரைந்துகொடுப்பாராம். ஒரு அக்கா அழிக்க வேண்டாமென்று மறித்துவிட்டாராம். "மாலையோட இருக்கட்டும் தம்பி, கலியாணம் கட்டினவர் எண்டு தெரியட்டும்." வெட்டிக் கொடுத்தாலும் முழுப்படத்தையும் அவர் கணனியில் சேமித்து வைத்திருக்கிறார், காசு வாங்காமல்.

இப்போதைய பிள்ளைகளுடைய கலியாணங்கள் வேறு உலகம். கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்கு அல்லிராணிக் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்க மரம், 2015 இல் மீண்டும் ஓடத் தொடங்கிய ரயிலின் தலைமன்னார் நிலையம், 2020 முடிவில் திறந்த காற்றாலைகள் என்று இடம் இடமாகப் போகிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஓடு என்றால் ஓடுகிறார்கள். பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. கடன் எடுத்து ஓடுவதுதான் பயமாக இருக்கிறது. குழுக்கடன் கட்ட முடியாமல் வீட்டை விட்டு ஒளிந்த பெண்களை நாங்கள் பார்த்தவர்கள். ட்ரோன், பெரிய அல்பம், வீடியோ எல்லாம் ஒரே கட்டாகத்தான் எடுக்க வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வேண்டியதை மட்டும் கேட்டு, விலையை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மகளின் படத்தை முகநூலில் போடலாமா கூடாதா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். கேட்காமல் போட்டு, பிறகு வந்த கதைகளால் அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

இந்த ஸ்ரூடியோவில் ஒரு தங்கச்சியும் வேலை செய்கிறாள். தகப்பன் இல்லாத பிள்ளை. அல்பம் வடிவமைக்கத்தான் வந்தவள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் வீடுகளில் மணப்பெண்ணைப் படம் எடுக்கப் பெண்பிள்ளைதான் வேண்டும் என்று கேட்டதால் கமராவைக் கையில் எடுத்தாள். நிக்காஹ் எழுதும்போது வலியும் மாப்பிள்ளையும் கையொப்பமிடுவதை அண்ணன் பள்ளிவாசலில் எடுக்கிறார். அதே நேரம் பெண் வீட்டில் காத்திருப்பதை இவள் எடுக்கிறாள். 1951 ஆம் ஆண்டுச் சட்டம் மணப்பெண்ணிடம் கையொப்பம் கேட்டதில்லை. "அந்த நேரத்து முகத்தை நான் எடுக்காட்டி வேற ஆரும் பார்க்கமாட்டாங்க அக்கா" என்றாள். தபசு காலத்தில் கோயில் கலியாணம் இல்லை, ஆடியிலும் மார்கழியிலும் சைவக் கலியாணம் இல்லை. வருமானம் இல்லாத அந்த மாதங்களில் பழைய படங்களைத் திருத்திக் கொடுத்து உழைக்கிறாள்.

ஓரத்தில் நின்ற அந்தத் தாயின் படம் என்ன ஆயிற்று என்று நான் பிறகு கேட்டேன். அல்பத்தின் அளவுக்குள் அடக்க வலது பக்கம் இரண்டு அங்குலம் வெட்ட வேண்டியிருந்ததாம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவன் கனநேரம் பார்த்துவிட்டு, "அம்மாவை வெட்டாதேங்க அண்ணா, இந்தப் பக்கம் நிக்கிற மாமாவை வெட்டுங்க" என்றானாம். வெட்டியாயிற்று. அல்பம் இன்னும் ஸ்ரூடியோ அலுமாரியில்தான் இருக்கிறது. மீதிக் காசு பொங்கல் கழியத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.