ஆருக்கும் சொந்தமில்லாத குளிசை

நான் கலைப்பீடம். உயிரியல் எனக்கு ஓஎல்லோட முடிஞ்சுது. ஆனா எங்கட கெம்பஸ் இரத்ததான முகாமில, "இந்த ரத்தம் எங்க மிஸ் போகும்?" எண்டு ஒரு தாதியிட்டக் கேட்டன். "தலசீமியாப் பிள்ளையள் மாசாமாசம் வருவினம் தம்பி" எண்டா. அதுக்குப் பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

தலசீமியா பரம்பரையாக வருவது. ஈமோகுளோபினை ஆக்கும் மரபணுவில் பழுது. நோய் கடுமையானவர்களுக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா குருதி ஏற்ற வேண்டும். ஏற்றுகிற குருதியோடு வரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற வேற மருந்து. வாழ்நாள் முழுக்க இதுதான்.

ஆனால் பீற்றா தலசீமியாவோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதம் நல்லாத்தான் இருக்கும். வயிற்றுக்குள் இருக்கேக்க குழந்தைக்கு வேறொரு ஈமோகுளோபின், அதன் மரபணு பழுதில்லை. பிறந்த பிறகு உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிப்பாட்டிவிடும். 1948 இலேயே நியூயோர்க்கின் ஜனற் வற்சன் என்ற மருத்துவர், அரிவாட்கல நோயுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு ஏன் ஒண்டும் செய்யேல்லை என்று பார்த்து, இந்தக் கருக்கால ஈமோகுளோபின்தான் காப்பாற்றுது என்று ஊகித்தார்.

நிப்பாட்டினதைத் திரும்பத் தொடக்க ஏலுமோ? ஓரளவுக்கு ஏலும். ஹைட்ரொக்சியூரியா என்ற குளிசை, 1869 இல் ஜேர்மனியில் ஆக்கப்பட்டு, பிறகு புற்றுநோய்க்குப் பாவிக்கப்பட்டது. 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அரிவாட்கல நோயாளிகளின் வலித் தாக்கங்களை அது கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்தது. வெள்ளணுக்களையும் குறைக்கும் என்பதால் அடிக்கடி இரத்தம் சோதிக்க வேணும். பேற்றன்ட் எப்பவோ முடிஞ்சுது. விலை மலிவு.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த காஸ்ஜெவி மரபணுச் சிகிச்சையும் இதே ஈமோகுளோபினைத்தான் திரும்பக் கொண்டுவருகிறது. விலை 22 இலட்சம் டொலர். உலகம் முழுக்கச் செய்தி. அது பெரிய சாதனைதான், மறுக்கேல்லை. என்ர கோபம் வேற. பேற்றன்ட் முடிஞ்ச மருந்து தலசீமியாவுக்கு எவ்வளவு உதவும் என்று சோதிக்க எந்தக் கம்பனி காசு போடும்?

அந்த வேலையை றாகமையில் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தார்கள். சிலருக்கு இந்தக் குளிசை, சிலருக்கு மருந்தில்லாத போலிக் குளிசை, ஆறு மாதம். முடிவு 2022 இல் வந்தது. குளிசை எடுத்தவர்களுக்குக் கருக்கால ஈமோகுளோபின் கூடியிருந்தது. ஆனால் எல்லாருக்கும் குருதித் தேவை குறையேல்லை. வெற்றி எண்டு கொடி பிடிக்க ஏலாதுதான். அப்ப ஆருக்கு வேலை செய்யும், எத்தனை வருசத்துக்கு? அதையும் இனி ஆரோ ஒருத்தர் காசு போட்டுத்தான் பார்க்க வேணும்.

அரச பல்கலைக்கழகம் தன்ர செலவைத் தானே உழைக்க வேணும் எண்டு கதைக்கிறவையிட்ட ஒண்டு கேக்கிறன். றாகமை ஆய்வு எவ்வளவு உழைச்சிருக்கும் எண்டு நினைக்கிறியள்?